குடியை விட்டவருக்கு ஏன் தூக்கம் வருவதில்லை?

குடியை விட்ட முதல் மாதத்தில், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில், என் அண்ணன் இரவு இரண்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். படுக்கையில் புரண்டு புரண்டு பார்த்துவிட்டு, பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதே என்று மெதுவாகக் கதவைத் திறந்து வெளியே வந்துவிடுவார். ஒரு நாள் நானும் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒரு கட்டிங் உள்ள போனா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்டா. இப்ப உடம்பு தேறிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா கண்ணு மூட மாட்டேங்குது. இதுக்குப் பேருதான் குணமாவறதா?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை, சென்ட்ரிங் வேலையில் கூலி வாங்கிய கையோடு, தூங்குவதற்கு மட்டும்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஒரு குவார்ட்டர் வாங்கினார். அதற்குப் பிறகு எட்டு மாதங்கள் அவரால் நிறுத்த முடியவில்லை.

அவர் முதலில் சிகிச்சை பெற்ற இடத்தில் கல்லீரலைப் பற்றிச் சொன்னார்கள், குடும்பத்தைப் பற்றிச் சொன்னார்கள், கூடாத சகவாசத்தைப் பற்றி நிறையவே சொன்னார்கள். ஆனால் குடியை விட்டால் சில காலம் தூக்கம் வராது, அது பல வாரங்கள் நீடிக்கலாம், அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, சமாளிக்க வழிகள் உண்டு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. இரண்டாம் முறை போனபோது ஒரு மனநல மருத்துவர் எங்கள் குடும்பத்தையே உட்கார வைத்து அரை மணி நேரம் தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசினார். அவர் சொன்னதும், அதன்பின் நான் தேடிப் படித்ததும், அந்தத் திண்ணையில் நாங்கள் கற்றுக்கொண்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. மீண்டுவரும் ஒருவருடைய தூக்கமின்மை அவருடைய மன உறுதியில் உள்ள குறை ஆகாது. அது காயம் ஆறும்போது ஏற்படும் வலியைப் போன்றது, சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அதைக் கவனிக்க வேண்டும் என்பதை, குடியை விட்டவரும் அவருடைய வீட்டாரும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

தூக்கம் எப்படி வருகிறது?

நம்மைத் தூங்க வைப்பவை இரண்டு. ஒன்று, நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் அடினோசின் என்னும் பொருள். அடுப்பில் விறகு எரிய எரியச் சாம்பல் சேர்வதுபோல, மூளை வேலை செய்யச் செய்ய இது சேர்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும் கண்கள் சொக்குகின்றன. தூங்கும்போது அந்தச் சாம்பல் அள்ளப்படுகிறது. மற்றொன்று, மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம். காலை வெளிச்சத்தைப் பார்த்து அது தன்னைச் சரிசெய்துகொள்கிறது, இருட்டியதும் மெலடோனின் என்னும் சுரப்பைக் கூட்டி இரவு வந்துவிட்டதை உடலுக்கு அறிவிக்கிறது. இவை இரண்டும் ஒரே நேரத்தில் கூடிவந்தால்தான் தூக்கம் இயல்பாக வரும்.

அப்படி வந்த தூக்கமும் இரவு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்கள் கொண்ட சுற்றுகளாக அது ஓடுகிறது. முன்னிரவின் சுற்றுகளில் ஆழ்தூக்கம் மிகுதி. உடல் களைப்பு நீங்குவது பெரிதும் அப்போதுதான். பின்னிரவில் கனவுத் தூக்கம் மிகுதி. இமைக்குள் கண்மணிகள் வேகமாக அசைவதால் இதை ரெம் தூக்கம் என்கிறார்கள். 1953ஆம் ஆண்டில்தான் இது அறிவியல் உலகுக்குத் தெரிய வந்தது. மனத்தில் பட்ட அடிகளை ஆற்றுவதிலும் புதிதாகக் கற்றதை நினைவில் பதிப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை.

மது தருவது மயக்கம்

"குடித்தால் தூக்கம் வருகிறது" என்பது பாதி உண்மை. மது உள்ளே போனதும் சீக்கிரம் கண் மூடுவது உண்மைதான். ஆனால் முன்னிரவில் அது கனவுத் தூக்கத்தை அமுக்கிவிடுகிறது. பின்னிரவில், மது உடலிலிருந்து வெளியேறத் தொடங்கியதும், தூக்கம் துண்டு துண்டாகிறது. வாய் வறள்கிறது, சிறுநீர் முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, மூன்று நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் மதுச்சத்து 42.8 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 60 கிராம் தூய மது. நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் ஏழு முதல் பத்து கிராம் வரைதான் கரைக்க முடியும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்தது மூன்று, நான்கு, ஐந்து மணி வாக்கில் தீர்ந்துபோகும். மூளை விழித்துக்கொள்வதும் அந்த நேரத்தில்தான். மேலும், தொண்டைத் தசைகளை மது தளர்த்திவிடுவதால் குறட்டை கூடுகிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் உள்ளவர்களுக்கு அது இன்னும் மோசமாகிறது. பல ஆண்டுகள் குடித்தவர், பல ஆண்டுகள் சரியாகத் தூங்காதவர் என்பதே உண்மை. அவர் தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி மயக்கம்.

அப்படியானால் குடியை விட்டதும் நல்ல தூக்கம் வர வேண்டாமா? இங்குதான் பலர் தடுமாறுகிறார்கள். மூளையில் வேகத்தைக் குறைக்கும் காபா என்னும் பொருளும், வேகத்தைக் கூட்டும் குளுட்டமேட் என்னும் பொருளும் எப்போதும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டிருக்கின்றன. மது, காபாவின் வேலையைக் கூட்டி, குளுட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. தருமபுரியிலிருந்து சேலத்துக்கு லாரி ஓட்டிப் போகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஓர் எளிய வழி உண்டு. யாரோ ஒருவர் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நகர வேண்டுமானால் நீங்கள் ஆக்சிலேட்டரை முன்னைவிட அழுத்தித்தான் ஆக வேண்டும். தினமும் குடிக்கும் ஒருவருடைய மூளை பல ஆண்டுகளாக இப்படித்தான் ஓடுகிறது. திடீரென்று ஒரு நாள் பிரேக்கில் இருந்த கால் எடுக்கப்படுகிறது. ஆக்சிலேட்டரில் இருந்த கால் மட்டும் அப்படியே அழுந்தியிருக்கிறது. தொப்பூர் இறக்கத்தில் அந்த வண்டி என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. குடியை விட்டவருக்கு வரும் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாமே அந்த வேகம்தான். ஆக்சிலேட்டரை அழுத்தப் பழகிய மூளை, மெதுவாகவே காலைத் தளர்த்துகிறது.

முதல் வாரமும் பிந்தைய மாதங்களும்

இந்தத் தளர்வுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டால், இரண்டு கட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஐந்தாறு நாள்கள் ஆபத்தான கட்டம். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு மனக்குழப்பம் வரும். இருக்கும் இடம் தெரியாது, உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிடுவார்கள், சுவரில் ஆட்கள் நிற்பதாகச் சொல்வார்கள், உடல் கொதிக்கும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இதைக் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று நினைத்து மந்திரிக்க அழைத்துப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இது உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ அவசரநிலை. மருத்துவமனைக்குப் போனால் காப்பாற்றிவிடலாம். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர், மருத்துவரைப் பார்க்காமல் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாம் கட்டம் ஆபத்து குறைந்தது, ஆனால் நீளமானது. நடுக்கம் நின்று, பசி திரும்பி, முகம் தெளிந்து, ஊரார் எல்லோரும் பாராட்டத் தொடங்கும் நேரத்தில் தூக்கம் மட்டும் திரும்பாது. படுத்து ஒரு மணி நேரம் ஆகியும் தூக்கம் பிடிக்காமல் இருப்பது, சிறு சத்தத்துக்கும் விழிப்பது, எழும்போது தூங்கியதுபோலவே இல்லாமல் இருப்பது ஆகியவை பல வாரங்கள் நீடிக்கும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் படிப்படியாகச் சரியாகிறது. ஆழ்தூக்கம் பழைய அளவுக்குத் திரும்பச் சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

இந்தக் கட்டத்தில் வரும் கனவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றை வெளியில் சொல்லவே பலர் அஞ்சுகிறார்கள். பல ஆண்டுகள் அமுக்கி வைக்கப்பட்ட கனவுத் தூக்கம் மது நின்றதும் பீறிட்டுக்கொண்டு வருகிறது. கனவுகள் நேரில் நடப்பதுபோல் தெளிவாக இருக்கும். அவற்றில் மிக வழக்கமானது குடிக்கும் கனவு. என் அண்ணன் இருபதாம் நாளோ என்னவோ, விடியற்காலையில் அலறிக்கொண்டு எழுந்து, உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதி மோந்து பார்த்தார். அண்ணியை எழுப்பி, "நான் ராத்திரி வெளிய போனனா?" என்று கேட்டார். அவர் போகவில்லை. ஆனால் அன்று முழுவதும், குடித்தவனைப் போலவே குற்ற உணர்வோடு தலை குனிந்து நடந்தார். குடிக்கும் கனவு வந்தால் மனம் இன்னும் குடியை விரும்புகிறது, எப்படியும் மறுபடி விழுந்துவிடுவோம் என்று எண்ணத் தேவையில்லை. மூளை தனக்குச் சேர வேண்டிய கனவுகளை வட்டியோடு வசூலித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். காலையில் அதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டால் பாரம் பாதியாகிவிடும்.

தூக்கம் கெட்டால் ஏன் குடி திரும்புகிறது?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் கிர்க் ப்ரோயரும் அவருடைய குழுவினரும் 2001ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடிநோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 172 பேரில் 61 விழுக்காட்டினர் தூக்கமின்மையோடு இருந்தார்கள். அந்த 172 பேரில் 74 பேரைச் சராசரியாக ஐந்து மாதங்கள் தொடர்ந்து பார்த்தபோது, தூக்கமின்மை இருந்தவர்களில் 60 விழுக்காட்டினரும் அது இல்லாதவர்களில் 30 விழுக்காட்டினரும் மறுபடி குடித்திருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் இரண்டு மடங்கு என்பது அசட்டையாக விடக்கூடிய வேறுபாடு அல்ல. தூங்குவதற்காகவே குடித்ததாகச் சொன்னவர்களும் தூக்கமின்மை உள்ளவர்களிடையேதான் மிகுதி.

இதன் காரணத்தை என் அண்ணனின் ஒரு நாளை வைத்தே சொல்லலாம். இரவு இரண்டு மணிக்கு விழித்தவர், ஏழரை மணிக்கு வேலைக்குப் போய், நாள் முழுக்கப் பலகையும் ஜாக்கியும் தூக்கி, மாலை ஏழு மணிக்கு வீடு திரும்புகிறார். அப்போது அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான வில்லியம்சன், ஃபெயர் ஆகியோரின் ஆய்வு, 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருடைய நிலைக்கு இறங்கிவிடுவதைக் காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 விழுக்காடு. அதாவது, ஒரு சொட்டும் குடிக்காத அந்த மனிதர், மாலை ஏழு மணிக்கு, சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரைவிட மோசமான நிதானத்தில் இருக்கிறார். டாஸ்மாக் கடை பத்து மணி வரை திறந்திருக்கும். வீடு திரும்பும் வழியில் கடை வெளிச்சம் தெரியும். "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் வேலை. தூக்கம் கெட்டால் முதலில் களைத்துப் போவது அந்தப் பகுதிதான். கோபமும் ஆசையும் கிளம்பும் இடங்களோ அப்போது வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொதிக்கின்றன. மன உறுதி இல்லாதவன் என்று அவரைத் திட்டுவது, சோறு போடாமல் மூட்டை தூக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

குடியை விட்டவர்களின் கூட்டங்களில், குடிக்கத் தோன்றும்போது நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளச் சொல்வார்கள்: பசிக்கிறதா, கோபமாக இருக்கிறதா, தனிமையாக இருக்கிறதா, களைப்பாக இருக்கிறதா. நான்காவதை நான் முதலில் வைப்பேன். தூக்கம் கெட்டவருக்குக் கோபம் சீக்கிரம் வருகிறது; கோபம் வந்தால் ஆட்கள் விலகிப் போகிறார்கள்; விலகிப் போனால் தனிமை.

மதுவை மட்டும் வைத்து எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு அருகில் இருந்து தெரிந்தது அதுதான். கஞ்சாவை விட்டவர்களுக்கும் முதல் சில நாள்களிலேயே தூக்கம் கெட்டு, விசித்திரமான கனவுகள் வந்து, ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடிப்பது உண்டு. வலி மாத்திரைகளைப் போதைக்காகப் பயன்படுத்தி விட்டவர்களுக்குக் கை கால் குடைச்சலோடு சேர்ந்து தூக்கமின்மை வரும். கீழே சொல்லும் வழிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

என்ன செய்யலாம்?

எழும் நேரத்தை முடிவு செய்வதிலிருந்து தொடங்க வேண்டும். தூங்கும் நேரம் நம் கையில் இல்லை. எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. இரவு எவ்வளவு மோசமாகப் போயிருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், காலை ஐந்தரை என்றால் ஐந்தரைக்கு எழுந்து, விடிந்ததும் அரை மணி நேரமாவது திறந்த வெளியில் இருக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சலாம், மாட்டைப் பிடித்துக் கட்டலாம், ஏரிக்கரையில் நடக்கலாம். கண்ணில் படும் காலை வெளிச்சம்தான் உடல் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது. பகலில் தூங்கியே ஆக வேண்டுமானால் மூன்று மணிக்கு முன் இருபது நிமிடம் போதும்.

அடுத்தது டீ. குடியை விட்டவர்கள் கைக்கு ஏதாவது வேண்டும் என்று டீக்கடையிலேயே பாதி நாளைக் கழிக்கிறார்கள். மாலையில் நண்பர்களோடு உட்கார வேறு இடமும் இல்லை. டீயிலும் காபியிலும் உள்ள காஃபின், முன்பு சொன்ன அடினோசின் மூளையில் வேலை செய்ய முடியாமல் மறித்து நிற்கிறது. குடித்த ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடலில் இருக்கும். மாலை ஆறு மணி டீ, இரவு பதினொரு மணிக்குப் பாதி டீயாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. மதியத்துக்கு மேல் டீக்குப் பதிலாகச் சுக்கு வெந்நீரோ மோரோ குடிக்கலாம். பீடியும் புகையிலையும் அமைதி தருவதுபோல் தோன்றினாலும் நிக்கோட்டின் விழிப்பைக் கூட்டும் பொருள். படுக்கும் முன் கடைசியாக ஒன்று என்ற பழக்கத்தையாவது முதலில் நிறுத்த வேண்டும்.

தூக்கமின்மைக்கு மருந்தில்லாச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் உளவியல் முறை அது. நீண்ட நாள் தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2016ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இதன் அடிப்படைகளில் ஒன்றை ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972ஆம் ஆண்டில் வகுத்தார்: படுக்கை தூங்குவதற்கு மட்டும். படுத்துச் சுமார் இருபது நிமிடங்களில் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும். கண்கள் சொக்கும்போது மறுபடி படுக்க வேண்டும். படுக்கையில் கிடந்து புரளப் புரள, படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிவிடுகிறது. என் அண்ணன் ஒருவரும் சொல்லாமலேயே திண்ணைக்கு வந்தது சரியான செயல்தான். அங்கே உட்கார்ந்து செல்போனைப் பார்த்ததும், மணி என்ன ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்ததும்தான் தவறு. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீடுகளில் தனிப் படுக்கையறை பற்றிய அறிவுரைகள் பயன்படா. திண்ணை, மொட்டை மாடி, வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில், கொசுவலை ஆகியவை போதும். சித்திரை வெயிலில் தகரக் கூரை இரவு பதினொரு மணி வரை கொதிக்கும். உடல் சூடு சற்றுத் தணிந்தால்தான் தூக்கம் பிடிக்கும் என்பதால் அந்த மாதங்களில் வெளியில் படுப்பதே நல்லது.

இன்னொரு வழி, கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1987ஆம் ஆண்டில் எழுதியது: தூக்கம் குறைவாக வருகிறவர் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். எங்களுக்கு மருத்துவர் இதை ஒரு கோடு போட்ட நோட்டில் கணக்காகவே போட்டுக் காட்டினார். அண்ணன் ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தார். ஒன்பது மணி நேரம். உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம். மீதி மூன்றரை மணி நேரம் போராட்டம். அவர் பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழ வேண்டும் என்று முடிவாயிற்று. ஆறு மணி நேரம்தான். முதல் வாரம் அவர் மிகவும் சிரமப்பட்டார், பத்து மணிக்கே சொக்கும் கண்களோடு உட்கார்ந்திருந்தார். ஆனால் அடினோசின் நன்றாகச் சேர்ந்து, படுத்ததும் தூங்க ஆரம்பித்தார். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் தூங்கியதாக ஒரு வாரம் நோட்டில் பதிந்தால், அடுத்த வாரம் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். இதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். வலிப்பு வந்தவர்களும், மனநிலை ஏற்ற இறக்க நோய் உள்ளவர்களும், லாரி ஓட்டுபவர்களும், சாரத்தில் ஏறி வேலை செய்பவர்களும் தாமாக இதில் இறங்கக் கூடாது. அண்ணன் அந்த மூன்று வாரங்கள் உயரத்தில் ஏறாமல் கீழே கம்பி கட்டும் வேலைக்கு மாற்றிக்கொண்டார்.

மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் மருத்துவமனையில் டயஸெபம், லோரஸெபம் போன்றவற்றைக் கொடுப்பது வலிப்பையும் குழப்பத்தையும் தடுக்க. அவற்றைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். அந்த மாத்திரைகளின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு மருந்துக் கடையிலோ நண்பரிடமோ வாங்கிப் போடுவது, ஒரு குழியிலிருந்து ஏறி அடுத்த குழியில் இறங்குவதுதான். அவை மதுவைப் போலவே காபாவின் வழியில் வேலை செய்பவை. சில வாரங்களிலேயே பழகிவிடும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். தூக்கத்துக்கு மருந்து தேவைப்பட்டால், பழக்கமாகும் ஆபத்து குறைந்த மருந்துகளை மனநல மருத்துவர் தேர்ந்தெடுத்துத் தருவார். குடித்த வரலாற்றை அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஷிப்டு மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கு இவை எல்லாம் இரட்டிப்புச் சிரமம். ஓசூர் சிப்காட்டில் வாரம் ஒரு ஷிப்டு என்று சுழல்பவரின் உடல் கடிகாரம் நிலைகொள்ளவே வழியில்லை. கிருஷ்ணகிரியின் மாங்கூழ்த் தொழிற்சாலைகளில் பருவ மாதங்களில் இரவு வேலை பார்ப்பவர்களும் இதே நிலையில்தான். குடியை விட்ட முதல் மூன்று மாதங்களுக்காவது ஒரே ஷிப்டு கேட்டுப் பாருங்கள். மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால் கேட்பது எளிதாகும். முடியாவிட்டால், இரவு வேலை முடிந்து வரும்போது தொப்பியோ துண்டோ போட்டு வெயிலைக் கண்ணில் படாமல் மறைத்து, வந்ததும் சன்னலுக்குக் கெட்டியான போர்வை கட்டிவிட்டுப் படுக்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள்

எங்கள் பக்கத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் பலர் உண்டு. கூடு கட்டும் முன் புழு நான்கு முறை தோலுரிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு நாள் இலை தின்னாமல், தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். அப்போது இலை போடமாட்டார்கள், தட்டை அசைக்கமாட்டார்கள், சுண்ணாம்புத் தூளைத் தூவிப் படுக்கையை உலர்வாக வைத்துவிட்டு, கொட்டகைக்குள் பேச்சைக் கூடக் குறைத்துக்கொள்வார்கள். சும்மா கிடக்கும் புழுவுக்குள் பெரிய வேலை நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். குடியை விட்டவர் ஒருநாள் அபூர்வமாகக் காலை ஏழு மணி வரை தூங்கிவிட்டால், "இப்பவும் சோம்பேறித்தனம் போகலியா" என்று எழுப்பும் வீட்டார், அதே அக்கறையை அவரிடமும் காட்டலாம். எழும் நேரம் மாறாமல் இருப்பது நல்லதுதான். அதை அவரோடு பேசி முடிவு செய்துகொண்டு, திட்டாமல் எழுப்ப முடியும். இரவு பத்து மணிக்கு மேல் டிவியை நிறுத்துவதும், கடன் கணக்கையும் பழைய சண்டைகளையும் பகலுக்குத் தள்ளி வைப்பதும் வீட்டார் கையில் இருக்கிறது. இரண்டு மணிக்கு அவர் எழுந்து வெளியே போனால் சந்தேகத்தோடு பின்தொடராமல், "தூக்கம் வரலியா?" என்று கேட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தால் போதும்.

அண்ணி இன்னொன்றும் கவனித்தார். குடியை விட்டு மூன்று மாதங்கள் ஆகியும் அண்ணனின் குறட்டை குறையவில்லை. நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடி வந்தது. ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் அசதியாக இருந்தால், இப்படிப்பட்ட மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. அதைப்போலவே, தூக்கமின்மையோடு எதிலும் பிடிப்பில்லாமல் போவதும், சாவைப் பற்றிய பேச்சும் சேர்ந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; அதற்கு நாள் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே மனநலப் பிரிவில் கேட்கலாம். ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை அருகில் உள்ளது. போதை நோய்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது இரண்டு வாரத் தூக்கக் கணக்கை எழுதிய நோட்டையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டு போங்கள். நினைவிலிருந்து சொல்வதைவிட அது மருத்துவருக்கு உதவும். போதையிலிருந்து மீள்வதற்கான தேசிய இலவச எண் 14446. மன நலத்துக்கான டெலி மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அண்ணன் அந்த எண்ணைத் தன் நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார், இரவு இரண்டு மணிக்குத் திண்ணையில் விளக்குப் போடாமலே தெரியும் அளவுக்கு.